ஒரு தாளைச் சம பாகங்களாகப் பிரித்து அச்சிடுவது: வேர்டு, லிப்ரேஆபிஸ் ரைட்டர், கூகுள் டாக்ஸ் மூன்றிலும்

ஏ4 தாளில் எட்டு ரசீது, நான்கு அறிவிப்பு, மூன்று மடிப்புத் துண்டறிக்கை என்று எதை அடித்தாலும் கடைசியில் வெட்டவோ மடிக்கவோ வேண்டும். திரையில் அச்சு மாறாமல் ஒரே அளவில் நின்ற கட்டங்கள், வெட்டி முடித்ததும் மேலே ஒன்று பெரியதாகவும் நடுவே ஒன்று சிறியதாகவும் வந்து நிற்கும். இதில் கத்தரிக்கோலைக் குறை சொல்லிப் பயனில்லை. தவறு தொடக்கத்திலேயே, ஓரத்தைக் கணக்கில் எடுக்காததில் நடந்துவிடுகிறது.

கணக்கைப் பார்த்தால் புரியும். ஏ4 தாளின் உயரம் 29.7 செ.மீ. வேர்டு வழக்கமாக மேலும் கீழும் 2.54 செ.மீ. ஓரம் விடும். மிச்சமுள்ள எழுத்துப் பகுதி 24.62 செ.மீ. இதில் நான்கு வரிசை கொண்ட அட்டவணை போட்டால் ஒவ்வொரு வரிசையும் 6.155 செ.மீ. கோட்டின்மேல் வெட்டுங்கள்: நடுவில் உள்ள இரண்டு துண்டுகளும் 6.155 செ.மீ. இருக்கும், மேல் துண்டும் கீழ்த் துண்டும் ஓரத்தையும் சேர்த்துக்கொண்டு 8.695 செ.மீ. ஆகிவிடும். ஓரம் எவ்வளவோ அவ்வளவும் வித்தியாசம்.

இரண்டாக மட்டும் பிரிக்கும்போது இந்தச் சிக்கல் தெரியாது, ஏனென்றால் இரண்டு பாதிக்கும் ஆளுக்கொரு ஓரம் கிடைத்துவிடுகிறது. மூன்றிலிருந்துதான் பிசகு ஆரம்பம். அதனால் முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள். தாளை வெட்டப் போவதில்லை, படிக்க வசதியாகக் கட்டம் பிரித்தால் போதும் என்றால் எழுத்துப் பகுதியைச் சமமாகப் பிரியுங்கள். வெட்டப் போகிறீர்கள் அல்லது மடிக்கப் போகிறீர்கள் என்றால் முழுத் தாளையும் சமமாகப் பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் அளவுகள் வேறு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வேர்டில் 'செக்‌ஷன்' என்று தேடினால் 'செக்‌ஷன் பிரேக்' என்ற வசதிதான் முன்னால் வந்து நிற்கும். அது ஆவணத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் வேறு ஓரம், வேறு பத்தி, வேறு பக்க எண் கொடுப்பதற்கானது. தாளை நான்காகக் கூறு போட அதற்குத் தெரியாது. நமக்கு வேண்டியவை அட்டவணை, பத்தி (நெடுக்காகப் பிரிக்கும் 'காலம்'), லேபிள், ஒரே தாளில் பல பக்கம் என்ற நான்கு வழிகள்.

முதலில் அளவுகள்

ஏ4 என்பது 21 × 29.7 செ.மீ. நிமிர்த்தி வைத்த தாளை முழுமையாகப் பிரித்தால் ஒரு துண்டின் அளவு இப்படி வரும்:

2 துண்டு, மேலும் கீழும்: 21 × 14.85
3 துண்டு, ஒன்றன்கீழ் ஒன்று: 21 × 9.9
4 துண்டு, இரண்டுக்கு இரண்டு: 10.5 × 14.85
6 துண்டு, இரண்டுக்கு மூன்று: 10.5 × 9.9
8 துண்டு, இரண்டுக்கு நான்கு: 10.5 × 7.425
10 துண்டு, இரண்டுக்கு ஐந்து: 10.5 × 5.94
12 துண்டு, மூன்றுக்கு நான்கு: 7 × 7.425

ஏ வரிசைத் தாள்களை எத்தனை முறை பாதியாக்கினாலும் நீள அகல விகிதம் மாறாது. ஏ4-இல் பாதி ஏ5, அதில் பாதி ஏ6, அதிலும் பாதி ஏ7. எனவே 2, 4, 8 என்று பிரிக்கும்போது முழுப் பக்கத்துக்காக அமைத்த வடிவத்தை அப்படியே சுருக்கி வைக்கலாம். 3, 6, 10 என்றால் வடிவத்தைப் புதிதாகத்தான் யோசிக்க வேண்டும். 'லெட்டர்' அளவுத் தாள் 21.59 × 27.94 செ.மீ.; அதற்கு மேலே சொன்ன எண் எதுவும் பொருந்தாது. கையில் இருக்கும் தாள் எது, மென்பொருளில் தேர்ந்தெடுத்திருக்கும் தாள் எது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். இந்த இரண்டும் மாறியிருப்பதுதான் பல நேரங்களில் மூல காரணம்.

அளவுகோல் அங்குலத்தில் இருந்தால் வேர்டில் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' போய் 'டிஸ்பிளே' பகுதியில் சென்டிமீட்டருக்கு மாற்றுங்கள்.

வெட்டுவதற்கு: பூஜ்ய ஓரமும் அட்டவணையும்

ஓரத்தைத் தாளுக்கு வைக்காமல் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வைப்பதுதான் இதன் சூட்சுமம். தாளின் நான்கு ஓரங்களையும் பூஜ்யமாக்கிவிட்டு, கட்டத்துக்குள் எழுத்து 8 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கும்படி செய்தால், எங்கே வெட்டினாலும் துண்டுகள் ஒரே மாதிரி இருக்கும். எட்டுத் துண்டுக்கான முறை இது. மற்ற எண்ணிக்கைக்கு அளவை மட்டும் மாற்றினால் போதும்.

1. 'லேஅவுட்' தாவலில் 'சைஸ்' ஏ4 என்று இருக்கிறதா பாருங்கள். 'மார்ஜின்ஸ்' பட்டியலின் கடைசியில் உள்ள 'கஸ்டம் மார்ஜின்ஸ்' திறந்து நான்கையும் 0 ஆக்குங்கள். அதே பெட்டியின் 'லேஅவுட்' தாவலில் தலைப்புக்கும் அடிக்குறிப்புக்கும் உள்ள தூரத்தையும் 0 ஆக்குங்கள். ஓரம் அச்சிடும் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று எச்சரிக்கை வரும். 'இக்னோர்' கொடுங்கள். 'ஃபிக்ஸ்' கொடுத்தால் பிரிண்டரின் குறைந்தபட்ச ஓரத்தை அது நிரப்பிவிடும், கணக்கு கெட்டுவிடும்.

2. 'இன்சர்ட்', 'டேபிள்' வழியாக 2 பத்தி, 4 வரிசை கொண்ட அட்டவணையைப் போடுங்கள்.

3. அட்டவணையின் இடது மேல் மூலையில் தெரியும் நான்கு அம்புக் குறியைச் சொடுக்கி முழுவதையும் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் 'டேபிள் ப்ராப்பர்ட்டீஸ்' திறங்கள். 'டேபிள்' தாவலில் அகலம் 21 செ.மீ., இடது உள்தள்ளல் 0. அங்கேயே இருக்கும் 'ஆப்ஷன்ஸ்' பொத்தானுக்குள் கட்டத்தின் உள் ஓரம் நான்கு பக்கமும் 0.8 செ.மீ. உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக அளவு மாறும் என்ற குறியை எடுத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் இடைவெளியில்லாத நீண்ட இணைய முகவரி ஒன்றே போதும், ஒரு பத்தி வீங்கி மற்றது ஒடுங்கிவிடும்.

4. 'ரோ' தாவலில் உயரம் 7.42 செ.மீ. பக்கத்தில் 'அட் லீஸ்ட்' என்று இருப்பதை 'எக்ஸாக்ட்லி' ஆக்குங்கள். வரிசை அடுத்த பக்கத்துக்கு உடையலாம் என்ற குறியை நீக்குங்கள். பிறகு கடைசி வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து 7.3 செ.மீ. ஆக்குங்கள்.

5. 'காலம்' தாவலில் அகலம் 10.5 செ.மீ.

6. அட்டவணைக்குக் கீழே இருக்கும் வெற்றுப் பத்தியில் (இது 'காலம்' அல்ல, 'பாராகிராஃப்') கர்சரை வைத்து எழுத்தளவை 1 ஆக்குங்கள். வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' 1 பாயின்ட். முன்னும் பின்னும் இடைவெளி 0.

நான்காவது படியில் 7.425 என்று கொடுக்காமல் 7.42 கொடுப்பதற்குக் காரணம் உண்டு. வேர்டு இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கி 7.43 என்று வைத்துக்கொண்டால் நான்கு வரிசை சேர்ந்து 29.72 ஆகும். தாளைவிட 0.2 மி.மீ. அதிகம். அந்த 0.2 மி.மீ. போதும், கடைசி வரிசை முழுக்க இரண்டாம் பக்கத்துக்குத் தாவிவிடும். கடைசி வரிசையைக் குறைத்தால் கடைசித் துண்டு சிறியதாகாதா என்று கேட்கலாம். ஆகாது. அதன் அடிக்கோட்டை நாம் வெட்டுவதே இல்லை. அந்தப் பக்கம் தாளின் விளிம்பு இருக்கிறது. மேலே மூன்று வரிசை 22.26 போக மிச்சம் 7.44 செ.மீ. தாள் அதற்குத் தானாகவே கிடைத்துவிடுகிறது. குறைத்ததால் கிடைத்த அந்த இடுக்கில்தான் ஆறாவது படியில் சொன்ன வெற்றுப் பத்தி உட்காருகிறது.

அந்த வெற்றுப் பத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆவணம் அட்டவணையோடு முடிய வேர்டு அனுமதிக்காது. அதற்குப் பின் ஒரு பத்தி இருந்தே ஆக வேண்டும். அழிக்கும் விசையை எவ்வளவு அழுத்தினாலும் போகாது. அட்டவணை தாளை நிறைத்துவிட்டால் அது அடுத்த பக்கத்துக்குப் போய், அச்சிடும் ஒவ்வொரு முறையும் ஒரு வெள்ளைத்தாளைத் துப்ப வைக்கும். நீக்க முடியாததைச் சுருக்குவதுதான் வழி. 1 பாயின்ட் என்பது ஏறக்குறைய 0.35 மி.மீ.; கண்ணுக்கே தெரியாது.

அதேபோல் கடைசிக் கட்டத்தில் தட்டச்சு முடித்துவிட்டு 'டேப்' விசையைத் தட்டினால் புதிய வரிசை ஒன்று முளைக்கும், இரண்டாம் பக்கமும் கூடவே வரும். கண்ட்ரோல் + இசட் அழுத்தித் திரும்பிவிடுங்கள். கட்டத்துக்குள் உண்மையாகவே டேப் இடைவெளி வேண்டுமென்றால் கண்ட்ரோல் + டேப்.

கோடுகள்

வெட்டும் கோடு உள்ளே மட்டும் இருந்தால் போதும். 'டேபிள் டிசைன்' தாவலில் முதலில் எல்லாக் கோடுகளையும் நீக்கிவிட்டு, மெல்லிய புள்ளிக்கோட்டைத் தேர்ந்து உள் கிடைக்கோடு, உள் நெடுக்கோடு இரண்டை மட்டும் போடுங்கள். வெளிக்கோடு தாளின் விளிம்பிலேயே விழுவதால் பெரும்பாலான பிரிண்டர்களில் அரையும் குறையுமாகத்தான் வரும். பல பிரிண்டர்கள் விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் தூரத்துக்கு மையை இடுவதே இல்லை. உள் ஓரம் 0.8 செ.மீ. வைக்கச் சொன்னதும் இதனால்தான். எழுத்து அந்த எல்லைக்குள் போகாது. புள்ளிக்கோடு விளிம்பருகே நின்றுபோனாலும் வெட்டுவதற்குத் தடையில்லை.

கோடே அச்சில் வேண்டாம், ஆனால் வேலை செய்யும்போது கட்டம் தெரிய வேண்டும் என்றால் அட்டவணையின் 'லேஅவுட்' தாவலில் 'வியூ கிரிட்லைன்ஸ்' இருக்கிறது. அந்தக் கோடுகள் திரையோடு சரி, தாளில் விழாது.

கட்டத்தை நிரப்பும்போது நடப்பவை

உயரத்தை 'எக்ஸாக்ட்லி' ஆக்கியதற்கு ஒரு விலை உண்டு. எழுத்து கட்டத்தை மீறினால் மீறிய வரிகள் மறைந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. திரையிலும் தெரியாது, அச்சிலும் வராது. நிரப்பி முடித்ததும் ஒவ்வொரு கட்டத்தின் கடைசி வரியும் தெரிகிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 'அட் லீஸ்ட்' என்று விட்டால் எழுத்து மறையாது, ஆனால் ஒரு கட்டம் வளர்ந்து மற்ற எல்லாவற்றையும் கீழே தள்ளும். வெட்டும் வேலைக்கு 'எக்ஸாக்ட்லி'யைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க முடியாது.

தமிழில் அடிக்கும்போது இது இன்னும் கவனிக்க வேண்டியது. மேலே இகர, ஈகாரக் குறிகளும், கீழே உகரக் குறிகளும் வருவதால் தமிழ் எழுத்துருக்கள் ஒரே பாயின்ட் அளவிலும் ஆங்கில எழுத்துருக்களைவிட அதிக உயரம் கேட்கும். ஆங்கிலத்தில் பத்து வரி கொண்ட கட்டத்தில் தமிழில் ஏழோ எட்டோதான் அடங்கும். இடம் பற்றவில்லை என்று வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' போட்டு மிகவும் இறுக்கினால் 'கீ', 'சீ' போன்றவற்றின் சுழியும் 'மு', 'ழு' போன்றவற்றின் அடிப்பகுதியும் வெட்டுப்படும். 11 பாயின்ட் எழுத்துக்கு 15 அல்லது 16 பாயின்ட் வரி இடைவெளியில் தொடங்கி, வெட்டுப்படுகிறதா என்று பார்த்து ஒவ்வொரு பாயின்டாகக் குறையுங்கள். அதற்கும் இடம் போதாவிட்டால் வாசகத்தைக் குறைப்பதே மேல்.

எட்டுக் கட்டத்திலும் ஒரே செய்தி வேண்டுமென்றால் ஒரு கட்டத்தை முழுமையாக முடித்துத் திருத்திவிட்டுப் பிறகு நகலெடுங்கள். நகலெடுக்கும்போது கட்டத்தின் கடைசியில் இருக்கும் முடிவுக் குறியையும் சேர்த்துப் பிடித்தால், ஒட்டும் இடத்தில் அட்டவணைக்குள் ஒரு குட்டி அட்டவணை வந்து உட்கார்ந்துவிடலாம். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + 8 அழுத்தினால் மறைந்திருக்கும் குறிகள் தெரியும். அந்தக் கடைசிக் குறிக்கு முன்னால் வரை மட்டும் தேர்ந்தெடுங்கள். இணையத்திலிருந்தோ வேறு கோப்பிலிருந்தோ எடுத்து ஒட்டினால் அங்குள்ள இடைவெளி அமைப்பும் கூடவே வரும். 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' முறையில் ஒட்டுங்கள்.

எழுத்தைக் கட்டத்தின் நட்டநடுவில் நிறுத்த, அட்டவணையின் 'லேஅவுட்' தாவலில் உள்ள ஒன்பது சீரமைப்புப் பொத்தான்களில் நடுவில் இருப்பதைச் சொடுக்கினால் போதும். என்டர் தட்டித் தட்டிக் கீழே இறக்குவது வேண்டாத வேலை. எழுத்துருவை மாற்றிய மறுநிமிடம் எல்லாம் கலைந்துவிடும்.

வெட்டாத கட்டங்கள்

குறிப்பேடு, வாரத் திட்டம், பயிற்சித்தாள் மாதிரி வெட்டாமல் பயன்படுத்தும் தாளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ஓரம் 1.27 செ.மீ. விட்டு, அட்டவணை போட்டு, கீழ்க்கோட்டை இழுத்துத் தாளின் அடிவரை கொண்டுவந்துவிட்டு, அட்டவணையின் 'லேஅவுட்' தாவலில் 'டிஸ்ட்ரிப்யூட் ரோஸ்', 'டிஸ்ட்ரிப்யூட் காலம்ஸ்' இரண்டையும் சொடுக்குங்கள். வேலை முடிந்தது. இந்தப் பொத்தான்கள் இருக்கும் உயரத்தைத்தான் பகிர்ந்து கொடுக்கின்றன, தாளை நிரப்புவதில்லை; அதனால் முதலில் இழுத்துவிட்டுத்தான் சொடுக்க வேண்டும். பிறகு கட்டம் வளராமலிருக்க உயரத்தை 'எக்ஸாக்ட்லி' ஆக்கிக்கொள்ளலாம்.

மடிப்பதற்கு: பத்திகள்

பத்தி வசதி தாளை நெடுக்காக மட்டுமே பிரிக்கும். குறுக்கே பிரிக்க இதில் வழியே கிடையாது. ஆனால் ஒரு பத்தியில் நிறைந்த எழுத்து தானாக அடுத்த பத்திக்கு ஓடும் என்பது அட்டவணைக்கு இல்லாத வசதி.

படுக்கை வாட்டில் வைத்த ஏ4 தாளை மூன்றாக மடிக்கும்போது ஒரு மடிப்பு 9.9 செ.மீ. எழுத்து மடிப்புக் கோட்டிலிருந்து இருபுறமும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டுமென்றால், பத்திகளுக்கு நடுவே உள்ள இடைவெளி தாளின் பக்க ஓரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். ஓரம் 1 செ.மீ. என்றால் இடைவெளி 2 செ.மீ. அப்போது பத்தியின் அகலம்: 29.7-இல் இரண்டு ஓரத்துக்கு 2, இரண்டு இடைவெளிக்கு 4 கழித்தால் 23.7, மூன்றில் ஒரு பங்கு 7.9 செ.மீ. வேர்டு தானாக வைக்கும் இடைவெளி 1.27 செ.மீ., வழக்கமான ஓரம் 2.54 செ.மீ. நமக்கு வேண்டிய விகிதம் இதில் தலைகீழாக இருக்கிறது. மடித்தால் இரு ஓரப் பத்திகளின் எழுத்தும் மடிப்புக் கோட்டை ஒட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். 'லேஅவுட்', 'காலம்ஸ்', 'மோர் காலம்ஸ்' போய் எண்களை நீங்களே கொடுங்கள்.

மூன்றையும் சமமாக வைத்தாலும் ஒன்றுக்குள் ஒன்று மடங்கும் துண்டறிக்கையில் உள்ளே போகும் மடல் இடித்துக்கொண்டு வளையும். தாளுக்கும் தடிமன் உண்டு. எனவே உள்மடலை 9.7 செ.மீ., மற்ற இரண்டையும் 10 செ.மீ. ஆக்குவது நல்லது. பத்தி அகலம் சமம் என்ற குறியை எடுத்துவிட்டு, மேலே சொன்ன அதே ஓரமும் இடைவெளியும் வைத்தால், எழுத்தின் அகலம் 7.7, 8, 8 செ.மீ. வெளிப்பக்கத்தில் உள்மடல் இடது ஓரத்தில் இருக்கும், பின்னட்டை நடுவில், முகப்பு வலது ஓரத்தில். தாளைத் திருப்பினால் உள்மடல் வலப்பக்கம் வந்துவிடும் என்பதால் உட்பக்கத்துக்கு வரிசை 8, 8, 7.7. இந்த இடத்தில்தான் 'செக்‌ஷன் பிரேக்' உதவிக்கு வருகிறது: இரண்டு பக்கங்களுக்கும் நடுவே 'நெக்ஸ்ட் பேஜ்' வகைப் பிரிப்பைப் போட்டால்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி அகலம் கொடுக்க முடியும். இருபுறமும் அச்சிடும்போது குட்டைப் பக்கமாகத் திருப்பும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். நெட்டைப் பக்கத்தைத் தேர்ந்தால் பின்பக்கம் தலைகீழாக வரும்.

ஒரு பத்தியை முடித்து அடுத்ததற்குத் தாவ கண்ட்ரோல் + ஷிஃப்ட் + என்டர். கொஞ்சமே எழுத்து இருந்து, எல்லாம் முதல் பத்தியிலேயே குவிந்து மற்றவை காலியாக நின்றால், எழுத்தின் கடைசியில் 'கன்டினியூவஸ்' வகைப் பிரிப்பு ஒன்றைப் போடுங்கள். வேர்டு பத்திகளின் உயரத்தைத் தானே சமப்படுத்திவிடும். ரைட்டரில் ஒரு பகுதியைச் 'செக்‌ஷன்' ஆக்கி, அதன் பத்தி அமைப்பில் எல்லாப் பத்திக்கும் சமமாகப் பகிர்வதற்கான குறியை வைத்தால் அதே பலன்.

லேபிள் வழி

'மெயிலிங்ஸ்' தாவலில் 'லேபிள்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', 'நியூ லேபிள்' என்று போனால் அளவுகளை மட்டும் கொடுத்து அட்டவணையை வேர்டையே போடச் சொல்லலாம். ஒட்டும் தாள் பயன்படுத்துவோருக்கு இதுதான் சரியான வழி. மேல் ஓரம், பக்க ஓரம், லேபிளின் உயரம், அகலம், குறுக்கே எத்தனை, கீழாக எத்தனை என்ற கேள்விகள் நேரடியானவை. பலரும் தடுமாறுவது 'பிட்ச்' என்ற சொல்லில். ஒரு லேபிளின் மேல் விளிம்பிலிருந்து அதற்குக் கீழே உள்ள லேபிளின் மேல் விளிம்பு வரை உள்ள தூரம் செங்குத்துப் பிட்ச். இடது விளிம்பிலிருந்து அடுத்ததின் இடது விளிம்பு வரை கிடைப் பிட்ச். நடுவில் இடைவெளி இல்லாத தாளில் பிட்சும் உயரமும் ஒன்றுதான். இடைவெளி இருந்தால் உயரத்தோடு அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே சிறு பிழை கூடக் குவிந்துகொண்டே போகும். பிட்சில் 0.5 மி.மீ. தவறினால் முதல் வரிசையில் ஒன்றும் தெரியாது, எட்டாவது வரிசையில் 3.5 மி.மீ. நகர்ந்திருக்கும். அதனால் ஒரு லேபிளை அளந்து பெருக்காமல், முதல் லேபிளின் மேல் விளிம்பிலிருந்து கடைசி லேபிளின் மேல் விளிம்பு வரை அளந்து, வரிசை எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத்தாளில் ஒன்று அச்சிட்டு, ஒட்டும் தாளின்மேல் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகு ஒட்டும் தாளை உள்ளே விடுங்கள்.

ஒவ்வொரு துண்டிலும் வெவ்வேறு பெயரோ எண்ணோ வர வேண்டுமென்றால் 'மெயில் மெர்ஜ்' வழியாக விரிதாளை இணைத்து, முதல் லேபிளை மட்டும் அமைத்துவிட்டு 'அப்டேட் லேபிள்ஸ்' சொடுக்குங்கள். அதை மறந்தால் முதல் கட்டத்தில் மட்டும் பெயர் வந்து மற்றவை வெறுமையாக நிற்கும்.

ரைட்டரில் 'ஃபைல்', 'நியூ', 'லேபிள்ஸ்'. 'ஃபார்மேட்' தாவலில் அதே அளவுகளையும், 'ஆப்ஷன்ஸ்' தாவலில் உள்ளடக்கத்தை ஒத்திசைக்கும் குறியையும் வையுங்கள். முதல் லேபிளில் செய்த மாற்றம் ஒரே சொடுக்கில் மற்ற எல்லாவற்றுக்கும் போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் ரைட்டர் வேர்டைவிட வசதியானது.

பாதித் தாள் மட்டும் வேண்டும் என்றால்

தாளை இரண்டாக்க அட்டவணை எதுவும் தேவையில்லை. 'கஸ்டம் மார்ஜின்ஸ்' பெட்டியில் 'மல்டிபிள் பேஜஸ்' என்ற பட்டியலில் ஒரு தாளில் இரண்டு பக்கம் என்ற விருப்பம் இருக்கிறது. தாள் நிமிர்ந்திருந்தால் மேல் பாதி, கீழ்ப் பாதி; படுத்திருந்தால் இடம், வலம். ஒவ்வொரு பாதியும் தனிப் பக்கமாகவே நடந்துகொள்ளும், பக்க எண்ணும் தனித்தனியாக வரும். அதே பட்டியலில் உள்ள 'புக் ஃபோல்டு' நடுவில் மடித்துத் தைக்கும் சிறு புத்தகத்துக்கானது. பக்கங்களை அச்சு வரிசைக்குத் தானே மாற்றி அடுக்கிக்கொள்ளும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் முதல் பக்கத்துக்கு அருகில் கடைசிப் பக்கம் வந்து திகைக்க வைக்கும்.

அச்சிடும் பெட்டியில் தெரியும் ஒரு தாளுக்கு 2 பக்கம், 4 பக்கம் என்பது வேறு சங்கதி. அது முழுப் பக்கத்தையும் சுருக்கி அடிக்கிறது. ஏ4-ஐ இரண்டாக அடித்தால் எல்லாம் சுமார் 71 சதவீதமாகும், நான்காக அடித்தால் 50 சதவீதம். 12 பாயின்ட் எழுத்து முறையே 8.5, 6 பாயின்டாக விழும். தமிழ் எழுத்து 6 பாயின்டில் படிக்க லாயக்கில்லை. முழுப் பக்கத்தில் 20 பாயின்டுக்கு மேல் வைத்து அமைத்திருந்தால்தான் நான்காகச் சுருக்கியபின் கண்ணுக்குப் பிடிபடும். ஒரே பக்கத்தை நான்கு முறை ஒரு தாளில் வரவழைக்க, பக்க எண் பெட்டியில் 1,1,1,1 என்று கொடுத்து, ஒரு தாளுக்கு 4 பக்கம் என்று தேர்ந்தெடுங்கள். அவசரத்துக்கு நல்ல தந்திரம். ஆனால் பிரிண்டர் தன் பங்குக்கு ஓரம் விடுவதால் துண்டுகள் மில்லிமீட்டர் சுத்தமாக வருமென்று எதிர்பார்க்க வேண்டாம்.

ரைட்டரிலும் கூகுள் டாக்ஸிலும் உள்ள வேறுபாடுகள்

ரைட்டரில் முறை ஒன்றேதான், பெயர்கள் மட்டும் மாறும். 'டேபிள்', 'சைஸ்', 'ரோ ஹைட்' திறந்து உயரம் கொடுத்து, 'ஃபிட் டு சைஸ்' குறியை எடுத்துவிட்டால் உயரம் நிலைத்துவிடும். குறி இருந்தால் அது வேர்டின் 'அட் லீஸ்ட்' போல வளரும். சமமாகப் பகிர்வதும் அதே 'சைஸ்' பட்டியலில் இருக்கிறது.

கூகுள் டாக்ஸில் நிலையான உயரம் என்ற ஒன்றே இல்லை. குறைந்தபட்ச வரிசை உயரம் மட்டும்தான் கொடுக்க முடியும். எனவே கட்டத்தில் எழுத்து ஒரு வரி கூடினாலும் பக்கம் இரண்டாகிவிடும். உயரத்தைக் கணக்கிட்டதைவிட ஓரிரு மில்லிமீட்டர் குறைத்துக் கொடுத்து, வாசகத்தைக் கட்டத்துக்குள் நிற்கும்படி சுருக்கி, பிடிஎஃப் கோப்பாக இறக்கிப் பார்த்துவிட்டு அச்சிடுங்கள். பத்திகள் அதிகபட்சம் மூன்று. அளவு முக்கியமான வெட்டு வேலைக்கு அதை ஒதுக்கிவிட்டு வேர்டுக்கோ ரைட்டருக்கோ போவது நல்லது. கைப்பேசிச் செயலிகளில் இதைச் செய்ய முயல்வது நேர விரயம்.

அச்சிடும் நேரத்தில்

அளவெல்லாம் சரியாகக் கொடுத்தும் துண்டுகள் ஒத்துவரவில்லை என்றால் அச்சிடும் அமைப்பைச் சந்தேகியுங்கள். பிடிஎஃப் வழியாக அச்சிடும்போது பக்கத்துக்குப் பொருத்து என்ற விருப்பம் இருந்தால் எல்லாம் சில சதவீதம் சுருங்கும், ஓரமும் கூடும். 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் தேர்ந்தெடுங்கள். வேர்டில் 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு', 'பிரிண்ட்' பகுதியில் ஏ4-க்கும் லெட்டருக்கும் ஏற்ப உள்ளடக்கத்தை அளவு மாற்றும் குறி ஒன்று இருக்கிறது. தாள் அளவு பொருந்தாதபோது அது சத்தமில்லாமல் வேலை செய்யும், எடுத்துவிடுங்கள்.

சோதிக்க எளிய வழி: முதல் தாளை அச்சிட்டதும் நடுக் கட்டம் ஒன்றின் உயரத்தை அளவுகோலால் அளங்கள். 74.2 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 72 வந்தால் சுருக்கம் நடக்கிறது என்று பொருள். அளவு சரியாக இருந்து, மேல் துண்டும் கீழ்த் துண்டும் மட்டும் மாறினால் தாள் சற்று நகர்ந்து ஏறியிருக்கிறது. தாள் தட்டில் உள்ள பக்க வழிகாட்டிகளைத் தாளோடு ஒட்டி நகர்த்துங்கள். கோடு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தாலும் காரணம் அதுதான். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நகர்வது சாதாரணப் பிரிண்டர்களில் இருக்கவே செய்யும், மென்பொருளில் அதைச் சரிசெய்ய அலைய வேண்டாம். கட்டாக வைத்து வெட்டும்போது எல்லாத் தாள்களையும் பிரிண்டருக்குள் முதலில் நுழைந்த விளிம்பின் பக்கம் தட்டிச் சமப்படுத்திக்கொண்டு வெட்டினால் அந்த நகர்வும் எல்லாத் தாளிலும் ஒரே பக்கமாகப் போய்விடும்.